பூட்டியவர் திறக்கட்டும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு லிஃப்டில் கதவு உருளை மாற்றினேன். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். வேலைக்குப் பன்னிரண்டு நிமிடம். அதற்காக ஒன்பதாம் படிவம் எழுத முக்கால் மணி நேரம். மூன்று பிரதி, பிரதிக்கு இருபத்து மூன்று கட்டம், பதினொரு கையெழுத்து. பதினொன்றில் எட்டு என்னுடையது. பழுது பார்த்தவர் நான், உடனிருந்தவர் நான், கருவியைக் கொடுத்தவர் நான், கருவியைத் திரும்ப வாங்கியவரும் நான். எனக்கு நானே ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, நானே சரிபார்த்து வாங்கி வைத்துக்கொண்டேன். யாராவது பார்த்திருந்தால் இவளுக்கு மறை கழன்றுவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அதோடு விட்டதா? துறை ஆய்வாளர் வந்தார். லிஃப்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். பிளாஸ்திரி காலாவதி. எழுதிவிட்டார். வரும் திங்கள் நேரில் போய் விளக்கம் கொடுக்க வேண்டுமாம். பத்தொன்பது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். என் கை பட்ட லிஃப்டில் ஒருத்தருக்கு நகம் பெயர்ந்ததில்லை. நான் போய் பிளாஸ்திரிக்கு விளக்கம் சொல்லணுமா? என்னன்னு சொல்றது? அடிபடாததால ஒட்டல சார்னா?

வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் அரசு அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவர். எந்தச் சட்டமும் அவர் கண்ணில் பட்ட பிறகுதான் வெளியே வரும். நாட்டில் உள்ள எல்லாச் சட்டத்தையும் முழுசாகப் படித்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். அவர் நிதானமாகச் சொன்னார்: "பிளாஸ்திரி, பிரிவு ஒன்பது, உட்பிரிவு ஆறு. அதுல ஒரு கமா நான் போட்டதுதான்."

அவர் கையிலிருந்த தேநீரைப் பிடுங்கி நானே குடித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

வீட்டுக்காரர் வந்ததும் வராததுமாக, "உனக்கு நல்ல சேதி. இன்னும் அச்சேறல, வெளியில மூச்சு விடாதே" என்றார்.

குறைப்புச் சட்டமாம். மக்கள் மீது சட்டச் சுமை கூடிவிட்டது என்று முந்நூற்றுப் பதினேழு விதிகளை ஒரே மூச்சில் தூக்குகிறார்கள். பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டாவது: மின்தூக்கி விதிகள், பிரிவு ஒன்பது, முழுவதும் நீக்கப்படுகிறது. (அவர்களுக்கு மின்தூக்கி. மின்தூக்கியில் மாட்டிக்கொண்டேன் என்று இதுவரை ஒருத்தரும் எனக்கு போன் செய்ததில்லை.)

"முழுசாவா?"

"முழுசா. உன் படிவத்தோட சேர்த்துப் பதினாலு பக்கம், ஒரே வரியில போகுது."

நான் அடுப்படியிலேயே குதித்தேன். இந்த வயசில், இந்த இடுப்போடு. ஒருவழியாகப் புத்தி வந்ததே இந்த அரசாங்கத்துக்கு! மனுஷனை மனுஷனாக நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு என் வேலை தெரியும். அதை எனக்குச் சொல்லித்தர ஒரு படிவம் எதற்கு?

அவர் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். "படிச்சுப் பாத்துத் தூக்கின மாதிரி தெரியல" என்றார்.

"உங்களுக்கு வேலை போயிடுமோன்னு பயம்" என்று சீண்டினேன். சிரித்தார். சரியாகச் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று முதல் அமல். மீந்துபோன ஒன்பதாம் படிவக் கட்டுகளை முதலாளி எங்கள் அலுவலகத்தில் ஆடிக்கொண்டிருந்த மேசைக்கால் அடியில் முட்டுக் கொடுத்தார். மேசை கச்சிதமாக நிற்கிறது. அந்தப் படிவத்தால் உலகத்துக்கு நடந்த முதல் நன்மை.

நாலு கட்டடம் பார்க்கிற நான் ஆறு பார்த்தேன். நாலு மணிக்கு வீடு. ஜன்னலில் வெயில் இருந்தது. நம் வீட்டு ஜன்னலில் அந்த நேரத்துக்கு வெயில் வரும் என்பதே எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 9, புதன்

முதலாளி கூப்பிட்டார். "எழுதற நேரம் மிச்சமாச்சு இல்லையாம்மா? இனிமே நாளைக்கு ஒன்பது கட்டடம்."

மிச்சமான நேரம் எனக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அசடு.

ஏப்ரல் 17, வியாழன்

ஒன்பது. மதியச் சாப்பாடு பஸ்ஸில், நின்றபடி.

ஏப்ரல் 24, வியாழன்

படுத்தேன், எழுந்து வந்து எழுதுகிறேன்.

கதவு சரியாக மூடினால்தான் லிஃப்ட் நகரும். அதற்கு ஒவ்வொரு கதவிலும் ஒரு சுவிட்ச் உண்டு. அது சரியில்லை என்று சந்தேகம் வந்தால், நாங்கள் ஒரு சின்ன வயரால் அதைக் குறுக்கே இணைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்போம். கதவு மூடியிருப்பதாக லிஃப்ட் நம்பிக்கொள்ளும். ஜம்பர் என்போம். சோதித்ததும் முதல் வேலையாக அதைக் கழற்ற வேண்டும். மறந்தால் கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் கிளம்பும்.

இன்று ஏழாவது கட்டடம். ஜம்பர் போட்டேன், சோதித்தேன், சுவிட்சை மாற்றினேன். அதற்குள் எட்டாவது கட்டடத்திலிருந்து போன். அதுவும் அடுத்தடுத்து மூன்று முறை. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் சில்லறைக்காகப் பையைத் துழாவினேன். என்னிடம் எப்போதும் மூன்று ஜம்பர் இருக்கும். இரண்டுதான் இருந்தது.

எப்படி இறங்கினேன், எப்படி ஓடினேன், தெரியாது. இரண்டு நிறுத்தம் தூரம். போய்ச் சேரும்போது ஒரு தபால்காரர் கீழே லிஃப்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை.

"என்னம்மா இது, கதவு மூடாமலே கிளம்புது? புது மாடலா?" என்று சிரித்தார். "கால இழுத்துக்கிட்டேன். செருப்பு மட்டும் மூணாம் மாடியில நின்னுக்கிச்சு."

அவரை வெளியே வரச் சொல்லி, முதலில் ஜம்பரைக் கழற்றினேன். பிறகு நான்தான் மேலே போய்ச் செருப்பை எடுத்துவந்து கொடுத்தேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். எனக்கு! நன்றி!

ஏப்ரல் 25, வெள்ளி

யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூட.

மே 2, வெள்ளி

சொல்லிவிட்டேன். ஒரு வாரம் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அவரும் கேட்காமல் விட மாட்டார்.

திட்டவில்லை. "ஆறாவது கட்டம்" என்றார்.

எனக்கும் தெரியும். 'எடுத்த ஜம்பர் எத்தனை, திரும்பிய ஜம்பர் எத்தனை.' பத்தொன்பது வருஷமாக, இறங்கும்போது மூன்று, மூன்று என்று கிறுக்கி, இது என்ன ஒண்ணாங்கிளாஸ் கணக்கா என்று சலித்துக்கொண்ட கட்டம். அந்தக் கட்டத்தில் மூன்று என்று எழுத, பையைத் திறந்து மூன்றைத் தொட வேண்டியிருந்தது. அவ்வளவுதான் அதன் வேலை.

"அந்தக் கட்டம் பின்னாடி சேர்த்தது. பழைய பதிப்புல அடிக்குறிப்பு உண்டு. ஒருத்தர் மறந்துட்டுப் போயிருக்கார். ரெண்டு பேர் செத்துட்டாங்க."

"பிளாஸ்திரிக்கு யார் செத்தாங்க?"

"அதுக்கு யாரும் சாகல. யாரோ அதிகாரியோட மச்சான் பிளாஸ்திரி வியாபாரம் பண்ணியிருப்பார்."

இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். அப்புறம் எனக்குக் கோபம் வந்தது. இருபத்து மூன்று கட்டத்தில் எது செத்தவன் எழுதியது, எது மச்சான் எழுதியது என்று ஒருத்தர் உட்கார்ந்து பிரித்திருந்தால் என்ன? என்னைக் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் சொல்லியிருப்பேனே. சேர்க்கும்போதும் எங்களைக் கேட்கவில்லை, எடுக்கும்போதும் கேட்கவில்லை. எடுத்தபோது குதித்தவள் நான்தான் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 8, வியாழன்

பூட்டிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பிறகு யாராவது கேட்பார்கள்.

பதினொரு மாடிக் குடியிருப்பு. வருஷாந்தரப் பார்வை. மெஷின் ரூமில் கயிறுகளைக் கையுறை போட்டுத் தடவிப் பார்த்தேன். எஃகுக் கயிறு ஐந்து. மூன்றில் இழைகள் அறுந்து முள்முள்ளாக நிற்கின்றன. கையுறை கிழிந்தது. ஒரு சாண் நீளத்தில் எண்ணினேன், இருபத்தாறு. சரி, கயிறு போனாலும் கூண்டைப் பிடித்து நிறுத்த அடியில் ஒரு பிடிப்பான் இருக்கிறதே என்று அதைப் பார்த்தேன். துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. சுத்தியலால் தட்டியும் அசையவில்லை.

முன்பென்றால் பதினாலாவது கட்டத்தில் ஒரு குறி போடுவேன். அந்த நிமிஷமே லிஃப்ட் சட்டப்படி மூடல். யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 'நான் என்ன சார் செய்யறது, சட்டம் அப்படி' என்று தோளைக் குலுக்கிவிட்டு வந்துவிடலாம். எத்தனை முறை குலுக்கியிருப்பேன்.

இன்று கட்டட உரிமையாளரிடம் நேராகச் சொன்னேன்: கயிறு மாற்றும்வரை ஓட்டக் கூடாது.

"ஏம்மா, போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு? ஓட்டக் கூடாதுன்னு எந்தச் சட்டம் சொல்லுது?"

ஏப்ரல் முதல் எந்தச் சட்டமும் சொல்வதில்லை. அவர் சிரித்தபடி, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம், போய்ட்டு வாம்மா" என்றார்.

போவதாகத்தான் படியிறங்கினேன். ஐந்தாம் மாடியில் என்னையறியாமல் நின்றேன். தபால்காரரின் கால் ஞாபகம். திரும்பி ஏறினேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட் ஓடும் பாதைக்குள் இறங்குகிறவர் மெயின் சுவிட்சை அணைத்துத் தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் இறங்குவார். சாவி அவரிடம். அந்தப் பூட்டை வேறு எந்த மெக்கானிக்கும் தொட மாட்டார், முதலாளியே சொன்னாலும். உள்ளே ஓர் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். இது பிரிவு ஒன்பதில் இருந்ததில்லை. எந்தப் பிரிவிலும் இருந்ததில்லை. அச்சடிக்காததால் நீக்கவும் முடியவில்லை.

என் பூட்டைப் போட்டேன். அட்டையில் எழுதிக் கட்டினேன்: 'கயிறு அறுந்துகொண்டிருக்கிறது. பூட்டியது நான். திறக்க வேண்டியவளும் நான்.' கீழே என் போன் நம்பர்.

பயமா? ஆமாம். ஆனால் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, வேண்டாம் என்று நானே சொன்னேன்.

மே 9, வெள்ளி

காலையிலிருந்து இருபது போன். முதலாளி ஆறு. மற்றதெல்லாம் அந்தக் கட்டடத்துக்காரர்கள்.

முதலாளி: "நீ மெக்கானிக்கா, மந்திரியா? இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள திறக்கற."

"கயிறு மாத்தட்டும் சார், நிமிஷத்துல திறக்கறேன்."

"நாளைக்கு வேலைக்கு வரணும்னு எண்ணம் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப திற."

"மாட்டேன் சார்."

ஏழாம் மாடியிலிருந்து ஓர் அம்மா. ஓய்வு பெற்ற டீச்சராம், குரலிலேயே தெரிந்தது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டதாம், வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனைக்குப் போயாக வேண்டுமாம். "உன் வீம்புக்கு நான் ஏழு மாடி இறங்கணுமா? என் முழங்காலுக்கு என்ன பதில் வச்சிருக்க?"

கயிற்றைப் பற்றிச் சொன்னேன்.

"எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லித்தான் கதவை மூடுவீங்க" என்று வைத்துவிட்டார். முதலாளி கத்தியது உறைக்கவில்லை. இது உறைத்தது.

மே 10, சனி

வேலை போயிற்று. போனிலேயே. பத்தொன்பது வருஷம், ஒன்றரை நிமிஷப் பேச்சு.

வீட்டுக்காரர் என் கருவிப் பையை எடுத்து, ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கி வைத்தார். தப்பாகத்தான் அடுக்கினார்.

மே 12, திங்கள்

மீட்டர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். எங்கள் கம்பெனியின் மூத்த மெக்கானிக். பேச ஆரம்பித்தால் நிற்காது, அதனால் மீட்டர். பூட்டை வெட்டச் சொல்லி முதலாளி அனுப்பியிருக்கிறார்.

"வெட்டலை. வெட்டவும் மாட்டேன். ஆனா நீ செஞ்சது தப்பு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"என்ன தப்பு அண்ணே?"

"பூட்டுன்னா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். நீ வெளியில நின்னுக்கிட்டுப் பூட்டியிருக்க. நாளைக்கு ஒவ்வொருத்தனும் கோபம் வந்தா பூட்டுவான், சம்பளம் வரலைன்னா பூட்டுவான். அப்புறம் பூட்டைப் பாத்தா எவனும் மதிக்க மாட்டான், வெட்டுவான். வெட்டறப்ப நிஜமாவே உள்ள ஒருத்தன் இருப்பான். அந்த ஒருத்தன் நானா இருந்தா?"

நியாயம்தானே. இரவல் வாங்கக் கூடாத ஒன்றை எடுத்துவிட்டேனோ? பிறகு பதில் வந்தது, எங்கிருந்து வந்ததோ:

"உள்ள ஆள் இருக்காங்க அண்ணே. பதினோரு மாடி ஆளுங்க இருக்காங்க. இன்னும் ஏறலை, அவ்வளவுதான்."

மீட்டர் அண்ணன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். தேநீரைக் குடித்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எத்தனை இழை?" என்று கேட்டார்.

"இருபத்தாறு."

"சே" என்றார், போனார்.

மே 13, செவ்வாய்

முதலாளி வேறு கம்பெனிகளிலிருந்து இரண்டு மெக்கானிக்குகளை வரவழைத்திருக்கிறார். மீட்டர் அண்ணன் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னார். முதல் ஆள் பூட்டைப் பார்த்தாராம், "உள்ள யாரு?" என்றாராம். யாருமில்லை என்றிருக்கிறார்கள். "அப்ப பூட்டினவங்களே வந்து திறக்கட்டும்" என்று இறங்கிவிட்டார். இரண்டாவது ஆள் அட்டையைப் படித்தார். கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வந்த கூலிகூடக் கேட்காமல் போய்விட்டார்.

சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். "அம்மா, நான் பூட்டு ரிப்பேர்க்காரன். இதை வெட்டச் சொல்றாங்க. அட்டையில உங்க நம்பர் இருந்துச்சு. வெட்டலாமா?"

"தாராளமா வெட்டுங்க. வெட்டினதும் நீங்களே முதல் ஆளா ஏறி, பதினோராம் மாடி வரைக்கும் போய்ட்டு வந்துடுங்க."

"எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்காங்கம்மா" என்றார். வைத்துவிட்டார்.

மே 15, வியாழன்

காலையில் அந்தக் கட்டடத்துக்குப் போனேன். டீச்சருக்கு மருத்துவமனை நாள். ஏழு மாடி, நூற்றுப் பன்னிரண்டு படி, என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். படிக்கு ஒரு வசை. கீழே வந்ததும், "தோள் கல்லு மாதிரி இருக்கு, மனசும் அப்படித்தான்" என்றார். மதியம் திரும்ப ஏற்றிவிடவும் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்குள் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. உரிமையாளர் புகார் கொடுத்திருக்கிறார். வீட்டுக்காரர் அரை நாள் விடுப்புப் போட்டுக் கூடவே வந்தார், கக்கத்தில் அரசிதழ்க் கட்டு. இந்த மனுஷனை அப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை.

நிலையத்தின் எழுத்தர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "என்ன பிரிவு போடறது?"

உரிமையாளர் தயாராக வந்திருந்தார். அவருடைய வக்கீல் எழுதிக் கொடுத்த சீட்டு. "மின்தூக்கி விதிகள், ஒன்பது, உட்பிரிவு பதினொண்ணு. உரிமையாளரோட எழுத்துமூல அனுமதி இல்லாம லிஃப்ட்டை நிறுத்தி வைக்கறது குற்றம்."

வீட்டுக்காரர் மெதுவாக இருமினார். அரசிதழைப் பிரித்து, இருநூற்றுப் பன்னிரண்டில் விரலை வைத்தார். "பிரிவு ஒன்பது முழுவதும் நீக்கப்படுகிறது. முழுவதும்னா பதினொண்ணும் சேர்த்துத்தான் சார். ஏப்ரல் ஒண்ணாம் தேதியோட போச்சு. மெய்ப்புப் பாத்தது நான்தான்."

எழுத்தர் இரண்டு முறை படித்தார். பேனாவை மூடினார். "அடிதடி இல்ல, திருட்டு இல்ல, எதையும் உடைக்கவும் இல்ல. சிவில் கோர்ட்டுக்குப் போங்க. ஒரு எட்டு மாசம் ஆகும்."

"அப்ப என் சொத்துல ஒருத்தி பூட்டுப் போட்டா எனக்குப் பாதுகாப்பே கிடையாதா? இது என்ன நாடு?" என்று உரிமையாளர் கத்தினார்.

"இதைத்தான் சார் அன்னைக்கு நானும் கேட்க வந்தேன்" என்றேன். "என்னைக் காப்பாத்தறதும் போச்சு, உங்களைக் காப்பாத்தறதும் போச்சு. இப்ப என் பூட்டும் உங்க வாயும்தான் மிச்சம். எது தாங்குதுன்னு பாத்துடலாம்."

பேசியது அதிகம்தான். பேசினால் என்ன? பத்தொன்பது வருஷம் எட்டு எட்டாகக் கையெழுத்துப் போட்டவள், ஒரு நாள் பேசினால் குடி முழுகிவிடாது.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் கேட்டார்: "இப்பச் சொல்லு. சட்டம் கூட வேணுமா, குறைய வேணுமா?"

"அதை விடுங்க. எழுதறவங்க ஒருத்தராவது மெஷின் ரூம் வரைக்கும் படியேறி வரட்டும். வந்துட்டு எத்தனை வேணா எழுதட்டும், எத்தனை வேணா கிழிக்கட்டும்."

"அப்படின்னா ஒரு சட்டமும் வராது" என்றார். பெரிய சிந்தனையாளர்.

மே 19, திங்கள்

டீச்சரை அழைத்துப்போகப் போனேன். அவர் கீழே இறங்க வரவில்லை. மருத்துவமனை இன்று வேண்டாம், மேலே போகணும் என்றார்.

"மேல எங்க டீச்சர்?"

"நீ சொன்ன கயிறு எங்க இருக்கோ அங்க. நான் கண்ணால பாக்காத எதுக்கும் மார்க் போட்டதில்ல."

ஏழிலிருந்து பதினொன்று, அதற்கு மேல் மெஷின் ரூமுக்கு ஓர் இரும்பு ஏணிப்படி. ஒன்றரை மணி நேரம். மாடிக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு உட்கார்ந்தார். நாற்காலி கொடுத்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். மேலே போய்ச் சேரும்போது பதினைந்து பேருக்குக் குறையாது. கையுறையை மாட்டிவிட்டேன். கயிற்றைப் பிடித்தார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பார்த்தால், துணியில் நாலு இடத்தில் கம்பி முள் குத்தி நிற்கிறது.

அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "போன மாசம் என் பேத்தியை இதுலதான் தனியா அனுப்பினேன்" என்றார்.

பிறகு ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள். டீச்சர் அங்கிருந்தே உரிமையாளருக்கு போன் போட்டார். "நாங்க பதினாறு பேர் மெஷின் ரூம்ல நிக்கறோம். நீங்களும் கொஞ்சம் படியேறி வர்றீங்களா? லிஃப்ட் ஓடலை."

வந்தார். மூச்சிரைக்க வந்தார். டீச்சர் கையுறையை நீட்டினார்.

ஜூன் 3, செவ்வாய்

ஐந்து கயிறும் புதுசு, பிடிப்பான் புதுசு. என் பழைய கம்பெனியை விட்டு வேறு கம்பெனியை வைத்துத்தான் மாற்றினார்கள். ஒவ்வொரு கயிற்றையும் முழு நீளத்துக்கும் தடவிப் பார்த்தேன். அவசரப்படுத்தினார்கள், அடுத்த கயிற்றுக்குப் போனேன். பிறகு என் பூட்டை நானே திறந்தேன். முதல் ஓட்டம் நான் தனியாக. இரண்டாவது டீச்சர். ஏழாம் மாடி வரை என் தோளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார், கைப்பிடிக் கம்பி இருக்கும்போதே.

முதலாளி திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார். சட்டமும் திரும்பி வரவில்லை. கயிறு மாற்றிய கம்பெனிக்காரர் நம்பர் கேட்டார், கொடுத்திருக்கிறேன். எதற்கும் ரொம்ப நம்பிக்கை வைக்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

புதுக் கம்பெனியில் மூன்றாவது மாதம். ஒரு நாளைக்கு ஏழு கட்டடம்தான், பேசி வாங்கியது.

இன்று ஐந்தாவதாக ஓர் அலுவலகக் கட்டடம். ஒரே வளாகத்தில் இரண்டு லிஃப்ட், இரண்டு கம்பெனிகள் மாறி மாறிப் பார்க்கின்றன. மெஷின் ரூமுக்குப் போனால் நான் பார்க்க வேண்டிய லிஃப்டின் மெயின் சுவிட்சில் ஒரு பூட்டு. என்னுடையது இல்லை. அட்டையில் கோணல் கையெழுத்து: 'பிரேக் தேஞ்சிருக்கு. பூட்டினது நான். சாமானோட வர்றேன்.' நம்பரில் கடைசி இரண்டு எண் எண்ணெயில் அழிந்துவிட்டது. உள்ளே ஆள் இல்லை. எட்டிப் பார்த்துவிட்டேன்.

மேலாளர் ஓடிவந்தார். ஒன்பதாம் மாடியில் கூட்டம் இருக்கிறதாம், பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்களாம். "உங்க பையில கட்டர் இருக்கும் இல்ல? வெட்டுங்க மேடம், நான் பொறுப்பு."

இருந்தது. இன்னும் இரண்டு கட்டடமும் பாக்கி இருந்தது. பிரேக்கை நானே பார்த்தேன். இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்று பட்டது. யாரோ முன்ஜாக்கிரதைக்காரர். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. நம்ம வேலையை இவன் யாரு நிறுத்தறதுக்கு?

பெரிய மனிதர்களைப் படியேறச் சொல்லிவிட்டு, கருவிப் பை மீது உட்கார்ந்தேன். என் கம்பெனிக்காரர் போன் செய்தார், ஏன் இன்னும் முடியவில்லை என்று.

"ஒரு பூட்டுத் தொங்குது சார். காத்திருக்கேன்."

ஒரு மணி நாற்பது நிமிஷம் கழித்துத்தான் அந்த மனிதர் வந்தார். சின்ன வயசு, காது மறைய முடி. என்னைப் பார்த்து ஒரு மன்னிப்பா, ஒரு வணக்கமா, ஒன்றுமில்லை. பூட்டைத் திறப்பதற்கு முன்னால் அது வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பிரேக்கைப் பிரித்துக் காட்டினார். உள்பக்கம் நான் பார்க்காத இடத்தில் பிளந்திருந்தது.

விளக்கைப் பிடித்துக்கொண்டேன். மாற்றி முடிக்கும்வரை பிடித்திருந்தேன்.